கட்டிலோடு குடிவந்தவள்

எட்டு மாதக் கர்ப்பிணியைக் கட்டிலோடு கட்டி, கிரேனில் தூக்கி, ஐந்தாவது மாடியில் இறக்கிவைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அதுவும் அவள் தூக்கம் கலையாமல். தலைமாட்டில் இருந்த டம்ளர் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல். நடுவானத்தில் ஒரு காக்கா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, யாரோ அசந்து தூங்குகிறார்கள் என்று தெரிந்ததும் சத்தம் போடாமல் எழுந்து போனதாகவும் கேள்வி.

கேள்வி என்றால், அவரே சொன்னதுதான். அந்த மனிதர் இப்போது அதே ஐந்தாவது மாடியில், கூடத்தின் நடுவே, பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய மகள் வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில், இன்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை மாமாவிடம். மாமா அம்மாவின் தம்பி, தையற்காரர். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாவு வீட்டுக்கும் வந்திருந்தார்.

"பெட்டி திரும்பாதும்மா. இந்தப் படிக்கட்டுக்கு இடுப்பு ரொம்பச் சின்னது."

"லிஃப்ட்ல?"

"நிக்க வச்சுதான் கொண்டுபோகணும். உங்கப்பா உயிரோட இருக்கப்பவே அதுக்குள்ள நிக்க மாட்டேன்னவர்."

வாஸ்தவம். லிஃப்ட்டை அவர் துருப்பிடித்த பீரோ என்பார். கிரேன் ஓட்டியவருக்கு வேறு எப்படித் தோன்றும்? ஊரே அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிட்டது. இந்த நகரத்துக்கு வந்திறங்கியபோது போட்டிருந்த கால்சட்டைகூட அவருடையது இல்லை. கட்டட வேலையில் லாரி டயரில் சேறு கழுவிக்கொண்டிருந்தவர், ஒருநாள் கிரேன்காரருக்கு வயிற்றுவலி வந்ததால் மேலே ஏறினார். ஏறியவர் முப்பது வருஷம் கீழே இறங்கவில்லை. கல்யாணத்துக்கும் மகள் பிறந்ததற்கும் மட்டும் லீவு போட்டார். கீழே மழை கொட்டும்போது தான் மேகத்துக்கு மேலே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொல்வார். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதி, ஏதோ ஒரு நாள் அவருடைய சுண்டுவிரலில் தொங்கியவைதாம்.

காலையில் சூரியனை மேலே தூக்கிவைப்பதும் அப்பாதான் என்று மகள் சின்ன வயதில் நம்பினாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை யார் தூக்குவது?

"அன்னைக்கு ஒருநாள் அதுவே ஏறிக்கும். பழகிடுச்சுல்ல," என்றார் அப்பா.

கட்டில் கதை அவள் பிறப்பதற்கு முந்தையது. அப்போது குடியிருந்த தரைத்தள அறைக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. அம்மா மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த இந்தக் கட்டடமோ பாதி எழும்பி, முன்பக்கச் சுவர் இல்லாமல் திறந்து கிடந்தது. மேஸ்திரி வருவதற்கு முன், விடியற்காலைப் பனிமூட்டத்தில் காரியம் முடிந்துவிட்டதாம். "நீயும்தான் வந்தே, டிக்கெட் எடுக்காம," என்று மகளைச் சீண்டுவார். கட்டிலுக்குக் கயிறு கட்டிய இரண்டு பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி அம்மா.

அம்மா ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்: "புளுகு. நான் நடந்துதான் வந்தேன்."

உடனே அப்பா முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் கட்டில் இன்னும் கொஞ்சம் உயரத்தில் பறக்கும். டம்ளரில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விளிம்புக்கு ஏறும். மகளுடைய கல்யாணத்தின்போது காக்கா வந்து சேர்ந்தது.

நேற்று மதியம் மருந்து கொடுக்கும்போது மகளிடம் கேட்டார்: "நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்ப்பா."

அவர் சிரித்தார். "நீ நம்பி என்ன புண்ணியம்? உங்கம்மா வாயால வரணும்."

அம்மா ஜன்னலோரம் மாத்திரை உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "புளுகு," என்றாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். கட்டில் மேலே எழும்பியது. பாதி வழியில் தூங்கிப்போனார். பிறகு எழுந்திருக்கவில்லை.

தெருவில் ஹாரன் அடித்தது. மகள் உள்ளே ஓடி, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பனியில் தெரு மூழ்கிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிரேனின் மஞ்சள் கழுத்து மெதுவாக நீண்டு வந்தது. சற்று நேரத்தில், அப்பாவோடு வேலை பார்த்த ஒட்டகம் மேல்மூச்சு வாங்க ஏறிவந்தார். கழுத்துக்காக அவருக்கு அந்தப் பெயர்.

"அண்ணி, நம்ம வண்டி கொண்டாந்துட்டேன். பால்கனி வழியா இறக்கிடுவோம். அண்ணனைப் பூ மாதிரி இறக்குறது என் பொறுப்பு."

மாமா பதறிப்போனார். "என்னய்யா விளையாட்டு இது? அந்தரத்துல ஆடி, கயிறு கியிறு அறுந்து விழுந்தா? நாலு பேரு காறித் துப்ப மாட்டான்? இப்படி எங்கேயாவது நடந்திருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீயே சொல்லு. நிக்க வச்சே கொண்டுபோயிடலாம். ரெண்டு நிமிஷம்."

அப்பாவை அந்தப் பீரோவுக்குள் நிறுத்துவதை மகளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் முடிவு அம்மாவுடையது. அம்மா பெட்டியருகே இருந்து எழுந்தாள். பால்கனிக்குப் போனாள். பழகிய பாதையைப் பார்ப்பதுபோல் கீழே பார்த்தாள்.

"தம்பி," என்றாள் ஒட்டகத்திடம். "மூணாவது மாடிகிட்ட பக்கத்துச் சந்துலேருந்து ஒரு காத்து வரும். பெட்டி லேசா அந்தப் பக்கம் திரும்பும். பயந்துட்டு நிறுத்திடாதீங்க. தானாவே திரும்பி வந்துடும்."

ஒட்டகத்தின் கழுத்து நீண்டபடி நின்றது.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார் மாமா.

அம்மா பால்கனிக் கம்பியிலிருந்த பனியைக் கையால் துடைத்தாள்.

"நான் தூங்கலை."

மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணைத் திறந்தா கத்திடுவேன்னு மூடியே படுத்திருந்தேன். மூணாவது மாடிகிட்ட திறந்தேன். சுத்திலும் வெள்ளையா இருந்துச்சு. தெருவே இல்லை. மேல கூண்டுக்குள்ள இவர் மட்டும், நாக்கைக் கடிச்சுக்கிட்டு, பரீட்சை எழுதுற பிள்ளை மாதிரி. உடனே மூடிக்கிட்டேன்."

"அந்தத் தண்ணிம்மா?" என்றாள் மகள்.

"வாய் வறண்டுபோச்சு. பாதியைக் குடிச்சுட்டேன். இல்லேன்னா சிந்தாம இருக்குமா?"

ஏன் இத்தனை வருஷம் புளுகு என்றே சொன்னாய் என்று மகள் கேட்க வாயெடுத்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"அப்ப காக்கா?" என்றார் மாமா, கிட்டத்தட்ட ரகசியமாக.

அம்மா பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "காக்கா புளுகு."

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

பெட்டியை மூடிக் கயிறு கட்டினார்கள். ஒட்டகம் கீழே போய் வண்டியில் ஏறினார். கொக்கி பனிக்குள்ளிருந்து எழும்பி, பால்கனிக்கு நேரே வந்து நின்றது. அம்மா சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதியைக் குடித்தாள். மீதியைப் பெட்டியின் மேல், அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"தூக்கச் சொல்லுங்க," என்றாள்.