ஏழாம் நம்பரில் எவ்வளவு தூரம்

கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

"உங்க வீட்டம்மா ஏழாம் நம்பர் மட்டையில எவ்வளவு தூரம் அடிப்பாங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். பதினோரு வாரமாக, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், என் மனைவியின் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தவன் நான். ஆனால் அவள் அடித்த ஒரு பந்துகூட எங்கே போய் விழுந்தது என்று நான் பார்த்ததில்லை. அவள் மட்டையை ஓங்கும்போது என் கண் அவள் நெஞ்சில் இருக்கும். அடித்து முடித்ததும் முகத்துக்குப் போகும். முகம் வெளுத்திருக்கிறதா, உதட்டில் நீலம் தெரிகிறதா, கை இடது பக்கம் போகிறதா. இதையெல்லாம் சரிபார்த்து முடிப்பதற்குள் பந்து எங்கேயோ விழுந்து, அவளும் பாதி தூரம் நடந்திருப்பாள்.

"சுமாரா அடிப்பா" என்றேன்.

"சுமார்னா? அம்பது மீட்டரா, நூறா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கூடப் போவீங்கன்னு சொன்னீங்களே சார்."

"கூடத்தான் போறேன்."

என் தொழிலைச் சொன்னால் என் புத்தி எப்படிப்பட்டது என்று புரியும். நான் லிஃப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய், எந்தக் கயிறு எப்போது அறும், எந்த பிரேக் எப்போது பிடிக்காமல் போகும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்தவனுக்கு, நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் நிம்மதி வராது. இன்னும் அறவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றும்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பதாக டாக்டர் விளக்கினார். "அந்தக் கம்பி எத்தனை கிலோ தாங்கும் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், எழுந்திரு என்றால் எழுந்தாள். பேச்சு மட்டும் இல்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, குறுக்கே வருகிற லாரிக்காரனை ஜன்னல் வழியாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறவள் அவள்.

அதிலிருந்து அவளை எழுப்பியது நானல்ல, கோல்ஃப். அவள் ஓட்டும் வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில், நகராட்சி நடத்தும் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதும், சும்மா நடக்கப் பிடிக்காமல் அங்கே போனாள். ஓய்வு பெற்ற பல் டாக்டர் அம்மா ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டு, தன் பழைய பையை ஐந்து மட்டைகளோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். நாங்கள் அவரை பல்லக்கா என்போம். பையில் இருந்தவை டிரைவர், ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், மணல் குழியிலிருந்து பந்தைக் கிளப்ப ஒன்று, குழிக்குள் உருட்ட ஒன்று. நீளமாக அடிப்பதற்கான டிரைவர் மட்டை இந்த பஸ் டிரைவருக்கு மட்டும் ஒத்துவரவே இல்லை. பந்து தரையோடு ஓடிப் புல்லில் ஒளிந்துகொள்ளும். மற்றபடி சனிக்கிழமை என்றால் ஐந்து மணிக்கே எழுந்து ஷூவைத் துடைத்தாள்.

மூன்றாம் குழியில்தான் சிக்கல். அங்கே நடுவில் ஒரு குளம். பந்தை ஒரே அடியில் அக்கரைக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வாரத்தில் அவள் பந்து ஒன்றுகூட தாண்டியதில்லை. போன வாரம் நாலு பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வீடு வரும்வரை பேசாமல் வந்தாள். வீட்டுக்கு வந்தும் செருப்பைக் கழற்றாமல் நின்று சொன்னாள். "அடுத்த சனிக்கிழமையும் தாண்டலைன்னா பையைத் திருப்பிக் குடுத்துடறேன். சும்மா எதுக்கு ஆசை காட்டிக்கிட்டு."

மறுநாளே, பையில் ஒரு மட்டை குறைகிறது, அதை வாங்கினால் ஒருவேளை முடியும் என்றாள். மறுபடி பஸ் ஓட்ட அனுமதிப்பதற்கு முன் டெப்போவில் அவளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் அவளால் கடைக்கு வர முடியவில்லை. "நீங்கதான் வாராவாரம் வர்றீங்களே. எது குறையுதுன்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். பாத்து வாங்கிட்டு வாங்க."

அந்த நம்பிக்கைதான் என்னைக் கடையில் நிற்க வைத்து வியர்க்க வைத்தது.

கடைக்காரர் இரண்டு மட்டைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றின் தலை உருண்டு பருத்திருந்தது. "இது ஹைபிரிட். பந்துக்கு அடியில புகுந்து தானாத் தூக்கிடும். தண்ணி தாண்டணும்னா இதுதான். ஆனா இடுப்பு, தோள் எல்லாம் திரும்பி முழுசா சுத்தணும்." இன்னொன்றின் தலை தட்டையாகச் சாய்ந்திருந்தது. "இது பிட்சிங் வெட்ஜ். கிட்டத்துல இருந்து பந்தை மெத்துன்னு கொண்டு போட. பாதி சுத்து போதும்."

பாதி சுத்து என்றதும் எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"இதுல உடம்பு அலட்டாது இல்ல?"

"அலட்டாது. ஆனா குளமும் தாண்டாது சார். அதுக்குத்தானே வந்தீங்க?"

"ரெண்டுல எது உடம்புக்கு நல்லது?"

"உடம்பே அலட்டக் கூடாதுன்னா பேசாம ஒரு குடை வாங்கிட்டுப் போங்க சார்."

நான் ஹைபிரிட்டைக் கையில் எடுத்தேன். எடுத்ததும், அவள் அதை ஓங்கி முழுதாகத் திரும்புவது கண்முன் வந்தது. நெஞ்சுக்குள் கம்பிகள் இழுபடுவதும் கூடவே வந்தது. மூன்று மாதத்திலேயே எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னதை அந்த நேரத்தில் மனசு ஏற்கவில்லை. இதை வாங்காவிட்டால் அவள் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள், மறுபடியும் சுவர். வாங்கினால் முழுச் சுற்று. முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும். கால் மணி நேரம் அப்படியே நின்றேன். கடைக்காரர் வேறு ஆளைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வெட்ஜைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதையா சொன்னாரு?"

"இதுதான் சரின்னு கடைக்காரர் சொன்னாரு."

கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நம்பிவிட்டாள் என்பதற்காகத் தூக்கம் கெட்டது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை வந்தது. முதல் இரண்டு குழிகளில் அவள் புது மட்டையை ஆசையாக எடுத்து எடுத்து அடித்தாள். மூன்றாம் குழிக்கு வந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். பிறகு மட்டையைப் பார்த்தாள்.

கூட ஆட வந்திருந்த பல்லக்கா அதை வாங்கிப் பார்த்தார். "இதையா குடுத்தான் அந்த ஆளு? இது கிட்டத்துக்கு அடிக்கிறதாச்சே. குளம் தாண்டணும்னு நீ சொல்லலையா தம்பி?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

என் மனைவி மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க, கடைக்காரர் என்ன கேட்டாரு உங்ககிட்ட?"

"நீ ஏழாம் நம்பர்ல எவ்வளவு தூரம் அடிப்பேன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

இதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. "தெரியலைன்னு... அதாவது, சுமாரான்னு சொன்னேன். அவர் வேற மட்டைதான் எடுத்துக் குடுத்தாரு. நான்தான் இதை வாங்கினேன். அதுல முழுசா சுத்தணும்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

"பதினோரு வாரமா கூட வர்றீங்க. பந்தை ஒரு தடவைகூட பாக்கலையா?"

"உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"என்னை எங்க பாத்தீங்க. என் தையலைத்தான் பாத்தீங்க." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் மட்டையை ஓங்குறப்பல்லாம் பின்னால உங்க மூச்சு நிக்கிறது எனக்குக் கேக்குது. அதைக் கேட்டதும் கை தானா பாதியில நின்னுடுது. டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. டெப்போவும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் இன்னும் போடலை."

பல்லக்கா தூரத்தில் இருந்த ஒரு பறவையைக் கவனிக்கப் போய்விட்டார். அவ்வளவு நாகரிகம் உள்ளவர்.

அவள் மட்டையைப் பையில் செருகினாள். பையின் மேல்மூடியை இழுத்து ஜிப்பைப் போட்டாள். "போலாம். பையை அக்காவே வச்சுக்கட்டும்." சொல்லிவிட்டுக் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் படுக்கையறைச் சுவருக்கு அவள் காட்டிய முகம் அது. அவளை அங்கே திருப்பி அனுப்பியது நோயில்லை, நான்தான் என்று அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

"இரு" என்றேன். "நான் அக்கரைக்குப் போறேன்."

"எதுக்கு?"

"பந்து எங்க விழுதுன்னு பாக்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தேன். காத்திருந்தால் என் கால் நகராது.

குளத்தைச் சுற்றி அக்கரைக்குப் போக ஏழெட்டு நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் என் முதுகு அவள் பக்கம். அவள் விழுந்துவிட்டால் ஓடி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். பல்லக்காவிடம் போன் இருக்கிறதா என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்று நினைத்தேன். இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன்.

அக்கரையில் பந்து படாத ஓரமாக ஒரு மரத்தடியில் நின்று திரும்பினேன். அங்கிருந்து அவள் விரல் உயரம்தான் இருந்தாள். முகம் இருக்கிறது என்று தெரிந்தது. வெளுத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளைப் பற்றிய ஒரு தகவலும் என்னிடம் இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் குனிந்து ஜிப்பைத் திறந்தாள். ஒரு மட்டையை உருவினாள். நீளத்தைப் பார்த்தால் ஏழாம் நம்பர்தான். கால் மாற்றி நின்றாள். ஓங்கினாள். மட்டை வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அவள் உடம்பு முழுதாகத் திரும்பியதை நான் பார்த்தேன். என் மூச்சு நின்றது. ஆனால் அது அவளுக்குக் கேட்டிருக்காது.

அடித்த சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குள் பந்து வானத்தில் இருந்தது. இவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளையாக மேலே ஏறி, ஒரு கணம் நின்று, என்னை நோக்கி இறங்கியது. வா, வா என்று வாய்விட்டே சொன்னேன். கரைக்குப் பத்தடி இருக்கும்போது தண்ணீரில் விழுந்தது.

எதிர்க்கரையில் அவள் அசையாமல் நின்றாள். விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரில் வட்டம் அடங்குவதைப் பார்த்தாள். பிறகு பையின் பக்கம் திரும்பினாள்.

"பத்தடிதான்" என்று கத்தினேன். "பத்தடிதான் குறைஞ்சுது. இன்னும் பலமா அடி."

அவள் திரும்பிக் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"இன்னும் பலமா அடி!"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். குளத்தின் மேலாக அவள் குரல் வந்தது. லாரிக்காரனைக் கேட்கிற அதே குரல்.

"அதைச் சொல்றது யாரு?"

"நான்தான்" என்றேன். கேட்டிருக்காது என்று மறுபடியும் கத்தினேன். "நான்தான் சொல்றேன். பலமா அடி."

அவள் குனிந்து இன்னொரு பந்தை வைத்தாள்.