காற்றடித்தவருக்கு முதல் சவாரி

படகு வாங்க மூன்று பேர் போனோம். என் கணவர், அவருடைய தங்கை, நான். படகு என்றால் மரப்படகு இல்லை. இரண்டு நீளமான காற்றுக்குழாய்கள், அவற்றை இணைக்க ஓர் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் நாற்காலி. காற்றை இறக்கிச் சுருட்டினால் கார் டிக்கியில் அடங்கிவிடும். ஏரியிலும் ஆற்றிலும் அதில் உட்கார்ந்தபடியே தூண்டில் போடலாமாம். பல மாதங்களாக வீட்டில் இதே பேச்சு. என்னிடம் இல்லை. போனில், தங்கையிடம்.

அவளை வீட்டில் எல்லோரும் கெண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அவள் முதன்முதலாகப் பிடித்த மீனுக்காக அண்ணன் வைத்த பெயர். எனக்கு அவர் வைத்த செல்லப்பெயர், 'இந்தாம்மா'.

கடையில் இரண்டு படகுகளைக் காற்றடித்துத் தரையில் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஒரு நாற்காலி, மற்றதில் முன்னும் பின்னுமாக இரண்டு. விற்பனையாளர் காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்தார்.

"யார் யார் சார் உக்காரப் போறீங்க? எடையைச் சொல்லுங்க. ஆளு, சாமான் எல்லாத்தையும் சேர்த்துத் தாங்கணும்ல."

"நான் எண்பத்திநாலு. இவ அம்பத்தாறு."

'இவ' என்று அவர் கை நீண்ட திசையில் கெண்டை நின்றிருந்தாள்.

"இப்ப அம்பத்தெட்டுண்ணா."

"அதான் பாத்தேன். இனி உன்னை ஏத்தினா படகு மூழ்கிடும்."

விற்பனையாளர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம்?"

"இவளா? இவ வரமாட்டா. இவளுக்கு இதெல்லாம் பிடிக்காது."

எனக்குப் பிடிக்காது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் பெரிய படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். "அண்ணா, இடது பக்கம் பாறை!" என்று அவள் கத்த, நாற்பத்தைந்து வயது மனிதர் வழவழப்பான தரையில் வலது பக்கம் சாய்ந்தார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். யார் கண் எங்கே போகிறது என்று கவனிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அவர் கண் ஒருமுறைகூட என் பக்கம் வரவில்லை. அடிவயிறு எரிந்தது. புருஷன் வேறொருத்தியோடு சிரித்தால் அம்மாவிடம் போய் அழலாம். கூடப்பிறந்தவளோடு சிரித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுவலி. அதைக் கையில் எடுத்தேன்.

"ஆத்துக்குப் போனா இம்மாம்பெரிய படகை யாரு தூக்குறது? கார் நிக்கிற இடத்துலேருந்து தண்ணி வரைக்கும் ஒரே மேடுபள்ளம். உங்க முதுகு இருக்கிற லட்சணத்துக்கு..."

"மேடம் சொல்றது கரெக்ட் சார்," என்றார் விற்பனையாளர். "ஆத்துக்கு ஒத்தை சீட்டுதான் தோது. தோள்ல மாட்டிக்கிட்டு நடந்துடலாம். முனை மேல வளைஞ்சிருக்கு பாருங்க, இழுப்புத் தண்ணியில மூக்கு உள்ள போகாது."

என் கணவர் தங்கையைப் பார்த்தார்.

"அண்ணி சொல்றது சரிதாண்ணா," என்றாள் அவள். "போன தடவை குனிஞ்சிட்டு நிமிர முடியாம நீ பட்ட பாடு போதும்."

ஒற்றை நாற்காலிப் படகு வாங்கினோம். ஜெயித்தது நான்தான். ஆனால் என் பேச்சு அவர் காதில் ஏற அவளுடைய சிபாரிசு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குப் போனோம். வழியெல்லாம் பழைய கதைகள். சிறுவயதில் லாரி டியூபைத் தண்ணீரில் விட்டு மிதப்பார்களாம். யார் காற்றடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் சவாரி என்று சட்டமாம். அந்தச் சட்டத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட கதையை நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன்.

கார் நின்றதும் முதலில் இறங்கினேன். அண்ணனும் தங்கையும் சிக்கிக்கிடந்த தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் படகை விரித்துக் கால்பம்பை மிதிக்கத் தொடங்கினேன்.

"ஐயோ அண்ணி, குடுங்க, நான் அடிக்கிறேன்."

"வேண்டாம்."

"கால் வலிக்கப்போகுது."

"வலிக்கட்டும்."

கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நான் விடவில்லை. இரண்டாவது குழாயும் விம்மி எழுந்ததும் அவர் வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "அட, பரவாயில்லையே!" என்றபடி நாற்காலியில் கைவைத்தார்.

"அண்ணா, சட்டம்னா சட்டம்," என்றாள் கெண்டை. "அடிச்சது அண்ணி."

"அவளா? அவ எங்க..."

அதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தேன். அவர் மிதவைச் சட்டையை எனக்கு மாட்டி, பட்டையை இறுக்கி, படகைத் தள்ளிவிட்டார்.

துடுப்பை இழுத்தால் அந்தப் படகு முதுகுப்பக்கமாக நகர்கிறது. முகம் கரையைப் பார்த்தபடியே இருக்கிறது. அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் சேர்ந்து உட்காரக் கூடாது என்றுதான் ஒற்றை நாற்காலி கேட்டேன். இப்போது அந்த நாற்காலியில் நான் இருந்தேன். அவர்கள் இருவரும் கரையில் தோளோடு தோள் உரச நின்றார்கள். என் புத்தியை எதால் அடிப்பது?

காற்று இல்லை. அவர்கள் பேசுவது தண்ணீர் மேல் தவழ்ந்து அப்படியே என்னிடம் வந்தது.

"அண்ணிக்கு நீச்சல் தெரியுமாண்ணா?"

"தெரியாது." அவர் தலையைச் சொறிந்தார். "தெரியுமா என்ன?"

"என்னைக் கேக்குற! இத்தனை வருஷமா ஒருதடவைகூட நீ கேட்டதில்லையா?"

"தெரியும்!" என்று நான் கத்தினேன்.

இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். என் கணவர் தங்கையைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவர் கணுக்கால் நனையத் தண்ணீருக்குள் இறங்கிவந்து என்னைப் பார்த்தார். என்னை மட்டும்.

"உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

அந்தக் குரலில் இருந்தது எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று. இத்தனை நாளும் என் அடிவயிற்றில்தான் அது குடியிருந்தது.

"யாருன்னு கேக்குறேன்ல?"

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பெரியம்மா. அதை நான் சொல்லவில்லை. துடுப்பை இன்னொருமுறை நன்றாக இழுத்தேன்.