சட்டையில் சுண்ணாம்பு

அரியமுத்து லாரியை நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தினான். அவன் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் அவன் தலையில் எழுதியது.

செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிக்கு அவன் டிரைவர். பதினான்கு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வான், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அரியலூர்ப் பக்கம் கல் லாரி என்றால் எமன் வாகனம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சும்மா சொல்லவில்லை, அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அரியமுத்துவே இருபது வருஷத்துக்கு முன்னால், ஊர்க்காரர் ஒருவர் ரோட்டில் செத்துக் கிடந்தபோது, கூட்டத்தோடு ஓடிப்போய் அங்கே நின்ற லாரியின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தவன்தான். உள்ளே இருந்த டிரைவர் கும்பிட்டபடி என்னவோ சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வயிற்றுப்பாடு அவனையும் அதே சீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

அன்றைக்கு மதியம் இரண்டு மணி, சித்திரை வெயில். சிமெண்ட் ஆலையில் கல்லைக் கொட்டிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். தூரத்தில், முன்னால் ஒரு பைக் போனது. புளியமரத்து வளைவில் ரோட்டுக்கு ஒட்டுப்போட்ட ஜல்லி சிதறிக் கிடந்தது. பைக் அதில் ஏறி வழுக்கியது. ஓட்டியவன் தூரப் போய் விழுந்தான். அவ்வளவுதான். வேறு வண்டி கிடையாது, நாய் கிடையாது, மாடு கிடையாது. பார்த்த சாட்சி இரண்டு. ஒன்று அரியமுத்து, இன்னொன்று புளியமரம்.

போய்விடு, போய்விடு என்றுதான் மனசு சொன்னது. கால் அதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டது.

விழுந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். காதோரம் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் வர அரை மணி ஆகும் என்றார்கள். அதற்குள் நாலைந்து பைக்குகள் நின்றன. ஆட்கள் கிட்டே வரவில்லை, செல்போன்கள் மட்டும் வந்தன. ஒருவன் லாரியின் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தான்.

"ஏம்ப்பா, ஒரு கை புடிங்கப்பா. உசுரு போயிரும்பா."

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த காய்கறி வேனை மறித்து, அக்குளில் கைகொடுத்து, அவனே தூக்கி ஏற்றினான். லாரியை அங்கேயே போட்டுவிட்டு, அடிபட்டவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அரியலூர் வரை வந்தான். "தூங்காத தம்பி, இந்தா வந்துட்டோம்" என்று வழி முழுக்கப் பேசினான்.

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது அரியமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடிபட்டவன் பெயர் அறிவரசன். பெரம்பலூரில் செல்போன் கடையில் வேலை. செந்துறையில் அம்மா வீட்டில் இருந்த மனைவி பூங்குழலி பஸ் பிடித்து ஓடிவந்தாள். "இவருதான் கொண்டாந்து சேத்தாரு" என்று நர்ஸ் காட்டியதும் அரியமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க குலசாமிண்ணா நீங்க. எம் புள்ளைக்கு அப்பன மீட்டுக் குடுத்துட்டீங்க."

"அழுவாதம்மா. ஒண்ணும் ஆவாது."

"எந்த ஊருண்ணா உங்களுக்கு? என்ன பண்றீங்க?"

"குன்னம் பக்கம்மா. கல்லு லாரி ஓட்றேன்."

பிடித்திருந்த கை தளர்ந்தது. வெடுக்கென்று உதறவில்லை, ஒவ்வொரு விரலாக விட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள், தூசி படிந்த சட்டையைப் பார்த்தாள். "லாரியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

சாயங்காலம் ஏட்டு வந்தார். அதற்குள் வளைவில் நின்ற லாரியின் படம் 'கொலைகார லாரி' என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றி அவர் போனுக்கும் வந்திருந்தது. நர்ஸ் அறிவரசனின் சட்டையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். கறுப்புச் சட்டை. முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாகக் கல்தூசி.

"இது எப்புடிய்யா வந்துச்சு? வண்டி ஒரசாம வருமா?"

"நான் தூக்குனேன் சார். ஆலையில பின்கதவ நாந்தான் தட்டி வுட்டேன், கையி பூரா தூசி. நல்லாப் பாருங்க சார், வெரலு தெரியுது."

ஏட்டு பார்த்தார். கவருக்குள் திணித்ததில் விரலெல்லாம் கலைந்து வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இடிக்கலன்னா எதுக்குய்யா நிறுத்துன? எந்த லாரிக்காரன் சும்மா நிறுத்துறான்?"

நிறுத்தாமல் போனால் இடித்துவிட்டு ஓடியவன், நிறுத்தினால் இடித்ததால் நிறுத்தியவன். விபத்தில் உதவுகிறவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய போர்டு இருந்தது. அதற்குக் கீழேதான் இத்தனை விசாரணையும் நடந்தது.

அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அறிவரசன். கண் விழித்தால் சொல்லிவிடுவான், தான் வழுக்கி விழுந்தது தனக்குத் தெரியாதா? மறுநாள் காலை வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அரியமுத்து கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாகக்கூட வேண்டிக்கொண்டான்.

காலையில் ஏட்டு அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறிவரசன் தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா நடந்துச்சு?"

"வளைவுல திரும்புனேன் சார். அதுக்கப்பறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"எது இடிச்சுது?"

"லாரியாத்தான் சார் இருக்கும்" என்றான். கொஞ்சம் யோசித்தான். "அந்த ரோட்டுல வேற எது சார் இடிக்கும்?"

பாவி, பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னான்.

"தம்பி, உன்னயத் தூக்கியாந்ததே நாந்தான் தம்பி. வழி பூரா பேசிக்கிட்டே வந்தேனே. ஜல்லியில வழுக்குன, என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அறிவரசன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்லண்ணா, இடிச்சிட்டு ஓடாம ஆஸ்பத்திரில சேத்தீங்களே, அதுவே பெருசு. எனக்கு உங்க மேல கோவம் இல்ல."

மன்னித்தும் விட்டான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அரியமுத்து தாங்கியிருப்பான். செய்யாத தப்புக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இடத்தைக் காட்டப் போனபோது ஜல்லியை யாரோ சுத்தமாகக் கூட்டி ஒதுக்கியிருந்தார்கள். வழக்கு எழுதியாகிவிட்டது. லாரி ஸ்டேஷன் வாசலில் நின்றது, லைசென்ஸ் உள்ளே போய்விட்டது. லாரி வெளியே வந்ததும் ஓட்ட வேறு டிரைவர் போட்டாச்சு என்று முதலாளி சொல்லி அனுப்பினார். ஜாமீனில் விட்டதும் அரியமுத்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

மனைவி லீலாவதி இரண்டு நாளாக அவனுக்காகத் தெருவில் சண்டை போட்டிருந்தாள். படம் அனுப்பியவன் கை விளங்காமல் போக என்று சாபம் விட்டிருந்தாள். மகள் கவியாவைப் பள்ளிக்கூடத்தில் எதுவோ சொன்ன பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் வந்ததும் வெந்நீர் வைத்தாள், சோறு போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் மெதுவாக. "என்கிட்டயாவது நெசத்தச் சொல்லு மாமா."

இருபது வருஷத்துக்கு முன்னால் உடைந்த கண்ணாடிக்குள்ளே அந்த டிரைவர் கும்பிட்டுக்கொண்டு என்ன சொன்னார் என்பது அரியமுத்துவுக்கு இப்போது தெரிந்தது. சோற்றுக் கையோடு அவனும் அதையே சொன்னான்.

"நான் இடிக்கல லீலா."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "சரி, சாப்புடு."