மாப்பிள்ளை தலைக்கு எடுத்த அளவு

மறைமலை நகர் கார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்தேன் என்றால் கேட்கிறவர்கள் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. லைனில் இருந்து இறங்கும் புதுக் காரை எடுத்துக்கொண்டு போய் யார்டில் நிறுத்த வேண்டும். அப்புறம் யார்டில் இருந்து எடுத்து டிரெய்லரில் ஏற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்நூறு மீட்டர் இருக்கும். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு வேறு. நான் ஓட்டின கார் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒன்றில்கூட மூன்றாவது கியர் போட்டதில்லை.

என் பெயர் சத்தியநாதன். வயது அறுபத்தேழு. எட்டாவது ஃபெயில். என் மனைவி ஞானசௌந்தரி ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். வீட்டில் இன்னும் ஆகவில்லை.

எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவையாவது ஒரு காரை அது போகக்கூடிய வேகத்துக்கு மிதித்துப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் முடியாது. நடுவில் ஆள் குதிக்கிறான். வேளச்சேரி ரோட்டில் நடக்கிறவனே நம்மை முந்திக்கொண்டு போகிறான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம், போட்டி கீட்டி இல்லை, டிராக் டே என்று பெயர் என்று தெரிந்ததில் இருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

காரும் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. பட்டாபிராமன் சாரின் மகன் அனிருத் ஆசையாக வாங்கிவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். மேலே துணி மூடி, மடக்கிக்கொள்ளலாம். என் பெண் கிறிஸ்டியைவிட ஒரு வயதுதான் சின்னது. ஏழு வருடம் உறை போட்டு நின்றது. அந்த உறை மேல்தான் அவர் மனைவி வடாம் காயவைப்பார். என்ன விலைக்கு வாங்கினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஞானசௌந்தரி இதைப் படிப்பாள்.

அவளிடம் நான் ஓட்டப்போகிறேன் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்பு எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் இருந்து மாடிப்படி ஏறினாலே பின்னால் நின்று எண்ணுகிறாள். அதனால், "மாப்ள ஓட்டப்போறாரு" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை ஷெர்வின் சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். நல்ல பையன். ஸ்கூட்டரில் போகும்போது தெரு நாய்க்கும் இண்டிகேட்டர் போடுவார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் கிறிஸ்டியிடம் சொல்வார், அவள் அம்மாவிடம் சொல்வாள், பத்து நிமிடத்தில் கதை முடிந்தது.

"மாமா, நானா?" என்றார் ஷெர்வின்.

"பின்ன நானா?"

"எனக்கு ஸ்பீடுன்னா கொஞ்சம்..."

"அதெல்லாம் கார் பாத்துக்கும்."

மாமனார் ஆசையாகச் செய்கிறார், மறுக்கக்கூடாது என்று கிறிஸ்டி சொல்லியிருப்பாள் போல. பாவம், தலையாட்டிவிட்டார். பெயர் கொடுக்கும் ஃபாரத்தை ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் ஜெராக்ஸ் கடைக்காரரை வைத்து நிரப்பினேன். ஒரு காருக்கு இரண்டு டிரைவர் என்று இருந்தது. இரண்டாவது இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னேன். டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். ஸ்டென்ட் வைத்தவரிடமே போனேன். "தாராளமா கார் ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டார். எவ்வளவு வேகம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டி வேலை மூன்று மாதம் இழுத்தது. எனக்கு எந்த மெக்கானிக் மேலும் நம்பிக்கை கிடையாது. டயர் கடைக்காரன் "புது ஸ்டாக் சார்" என்றான். டயரின் பக்கவாட்டில் நாலு நம்பர் இருக்கும், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று. யார்டில் சும்மா நின்றபோது கற்றது அது ஒன்றுதான். குனிந்து பார்த்தால் ஐந்து வருடப் பழசு. "இது ஸ்கூலுக்குப் போற வயசுப்பா" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனேன். பிரேக் பேட், பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நான் சாப்பிடப் போகிற நேரத்தில் புது சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டால்? அதற்காக ஒவ்வொரு நட்டு மேலும் கிறிஸ்டியின் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். நட்டு பாதி, பக்கத்து இரும்பு பாதி. திருப்பினால் கோடு விலகும், திருடன் மாட்டுவான்.

வண்டி லேசாக இருந்தால் வேகமாகப் போகும் என்று ஏசியைக் கழற்றினேன். ரேடியோ, கார்ப்பெட், ஸ்டெப்னி எல்லாம் வெளியே வந்தது. ஞானசௌந்தரி வராந்தாவில் நின்று பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் காசு குடுத்து ஏசி மாட்டுறாங்க. காசு குடுத்துக் கழட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

கடைசி வேலை ரோல் பார். மேலே கூரை இல்லாத கார் கவிழ்ந்தால் தலை நசுங்கக்கூடாது என்று சீட்டுக்குப் பின்னால் வளைத்து வைக்கிற இரும்புக் குழாய் அது. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை அந்தக் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிராக்குக்குள் விடமாட்டார்கள். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் எபி என்று ஒருத்தன் பட்டறை வைத்திருக்கிறான். அளவு எடுக்க ஷெர்வினைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞானசௌந்தரியும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது.

"யார்ணா ஓட்டப்போறது?" என்றான் எபி.

"மாப்ள."

எபி ஷெர்வினை மேலும் கீழும் பார்த்தான். அவர் ஐந்தடி மூன்று அங்குலம். "ரோடு தெரியுமாண்ணா இவருக்கு?"

ஷெர்வின் ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்தார். எபி டேப் பிடித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ண்ணா, ஒரு நாலு இன்ச்சு ஒசத்தி வெச்சிடட்டா? நாளைக்கு வேற யார்னா குந்தினா மண்டை மேல நிக்கும்" என்றான்.

நான் ஐந்தடி பத்து. அங்கேயே "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஸ்டூலில் இருந்து கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வந்தது.

"வேற யாருங்க ஓட்டப்போறா?" எபியைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"யாரும் இல்ல," என்றேன். "இன்னா எபி, பைப்பு விக்கப் பாக்கிறியா? மாப்ள தலைக்கு இன்னா அளவோ அத்தோட நிறுத்து."

"எனக்கு இன்னாண்ணா," என்று எபி குழாயை அறுக்கப் போய்விட்டான்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், ஹெல்மெட்டை ஞானசௌந்தரி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மாப்பிள்ளை பொருளாம், பத்திரமாக இருக்க வேண்டுமாம். சீட்டில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் போதும் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். டிராக் டேக்கு முந்தின நாள் சாயங்காலம் சர்ச் ஆயர் வந்து காரின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். "தம்பி ஷெர்வினை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று மூன்று தடவை சொன்னார். என் பெயர் வரவே இல்லை. விஷயம் கடவுளுக்குத் தெரியும், அவர் மாற்றிப் போட்டுக்கொள்வார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை டிராக்குக்குக் கிளம்பினோம். காரை நான் ஓட்டினேன். ஷெர்வின் காரில் ஞானசௌந்தரி பின்னால் வந்தாள். நான் ஐம்பதைத் தாண்டும்போதெல்லாம் போன் அடித்தது.

அங்கே ஜெஃப்ரி என்று ஒரு தம்பி, கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காராகச் சோதித்தார். பானெட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பெயின்ட் மார்க்கிங் யார் சார் பண்ணது?"

"நான்தான். ஏன், தப்பா?"

"ரேஸ் டீம்லதான் சார் இப்படிப் பண்ணுவாங்க. நட்டு லூஸ் ஆனா உடனே தெரியும். எங்க கத்துக்கிட்டீங்க?"

"திருட்டுப் பசங்க கிட்ட" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்புறம் ஷெர்வினை ஹெல்மெட்டோடு உட்காரவைத்தார். ஒரு நீளக் குச்சியை எடுத்து ரோல் பாரின் மேலிருந்து முன் கண்ணாடியின் மேல்விளிம்பு வரைக்கும் வைத்தார். குச்சிக்கும் தலைக்கும் நடுவில் நாலு விரல் இடம். "பாஸ்" என்றார். ஷெர்வினின் முகம் தேர்வில் ஃபெயில் ஆனவன் மாதிரி ஆகிவிட்டது. ஜெஃப்ரி அட்டையைப் பார்த்தார்.

"செகண்ட் டிரைவர்... சத்தியநாதன். டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கு. யார் சார் அது?"

ஷெர்வின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைத்தான் தம்பி நானும் கேக்கிறேன்," என்றாள் ஞானசௌந்தரி. "யாருங்க அந்த சத்தியநாதன்?"

"எம்மா, நான் சொல்றத..."

"டாக்டர் சர்டிபிகேட் வேறயா! என்னிக்கு வாங்கினீங்க? தாம்பரம் மார்க்கெட் போறேன்னு பைய எடுத்துட்டுப் போனீங்களே, அன்னிக்கா? வெறும் கருவேப்பிலையோட வந்தப்பவே நெனச்சேன்."

ஷெர்வின் காரில் இருந்து எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு மரியாதையாக அவர் எனக்குக் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுத்ததில்லை.

நான் உட்கார்ந்தேன். ஜெஃப்ரி குச்சியை வைத்தார். டொக் என்றது.

"சாரி சார். தலை மேல நிக்குது."

சரிந்தேன். டொக். இன்னும் சரிந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது, குச்சியும் டொக்.

"இப்படியே ஓட்டுவீங்களா சார்? படுத்துக்கிட்டு?"

எபி கேட்ட நாலு அங்குலம் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருத்தன் எனக்கு உண்மையான யோசனை சொன்னான், அவனைத்தான் பைப்பு விற்கப் பார்க்கிறான் என்றேன். இனி இங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஞானசௌந்தரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்கதான் ஓட்டணுமா?"

"ஒரே ஒரு தடவ. இருபது கிலோமீட்டர்லயே செத்துப்போயிடுவேன் போலக்கீது."

அவள் என்னைப் பார்த்தாள். ஷெர்வினைப் பார்த்தாள். அவர் காரைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தார்.

"தம்பி," என்றாள் ஜெஃப்ரியிடம், "தலையக் குறைக்க முடியாது. சீட்டக் குறைக்கலாமில்ல? உள்ள இருக்கிற ஸ்பான்ஜ எடுத்துட்டா?"

ஜெஃப்ரி யோசித்தார். "சீட் போல்ட்டையும் பெல்ட்டையும் தொடாம எடுத்தா ஓகே மேடம்."

"அத்தே! மாமாவுக்கு ஹார்ட்..." என்றார் ஷெர்வின்.

"நீ சும்மா இரு. நீ ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா எம் பொண்ணு என்னைக் கேப்பா. இவர் ஓட்டினா கேக்க ஆளே இல்ல."

சீட் உறையைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்பான்ஜை அவளே இழுத்துப் போட்டாள். கீழே வெறும் கம்பி வலை. உட்கார்ந்தேன். கம்பி எங்கெங்கே குத்தியது என்று எழுத முடியாது. ஜெஃப்ரி குச்சியை வைத்தார். சத்தம் இல்லை. நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போயிற்று, இரண்டாவது விரல் திணறிப் போயிற்று. அவர் விரல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லவேளை, ஒல்லி விரல்.

"பாஸ்."

முதல் சுற்று எல்லோரும் ஒரு வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போனோம். இரண்டாவது சுற்றில் விட்டுவிட்டார்கள். கம்பியில் உட்கார்ந்ததில் எனக்கு ஸ்டியரிங் வளையத்தின் இடைவெளி வழியாகத்தான் பாதை தெரிந்தது. நேர் பாதை வந்தது. யாரும் குறுக்கே குதிக்கவில்லை. மூன்றாவது கியர் போட்டேன். மிதித்தேன். நாலாவது போட்டேன். கார் பின்னால் இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி போயிற்று. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. வளைவில் பிரேக் அடித்தபோது நாலு டயரும் கத்தின. நானும் கத்தினேன், ஹெல்மெட்டுக்குள் எனக்கே காது அடைத்தது. ஒரு சின்னக் கார் என்னை முந்தியது. அடுத்த சுற்றில் அவனை நான் முந்தினேன். அவன் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் கை ஆட்டிக்கொண்டோம். எத்தனை சுற்று போனேன் என்று எண்ணவில்லை. நேரம் முடிந்தது என்று கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். அப்படியே உள்ளே திருப்பினேன்.

நிறுத்துவதற்குள் ஜெஃப்ரி ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், இது பிட் லேன்! மனுஷங்க நடக்கிற எடம்! இங்க நாப்பதுதான் லிமிட்!"

"நான் எவ்ளோல வந்தேன்?"

"எழுபத்தி மூணு! ஸ்பீடு கன் வச்சுப் பாத்திருக்கோம். ஓவர் ஸ்பீடு சார்!"

"இன்னா சொன்ன?"

"ஓவர் ஸ்பீடு! உங்களுக்கு அடுத்த செஷன் கிடையாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, மன்னிப்புக் கேட்டேன். பெல்ட்டைக் கழற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். காலும் பின்பக்கமும் மரத்துப் போயிருந்தன.

"தம்பி, வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடு."

"எதுக்கு சார்?"

"பேரு, தேதி, வேகம் எல்லாம் போட்டு எழுதிக் குடு. நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டா?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அட்டையில் இருந்து ஒரு தாளைக் கிழித்து இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஞானசௌந்தரியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கூல் அசெம்பிளியில் படிக்கிற குரலில் படித்தாள். டிரைவர் பெயர் சத்தியநாதன். அதிவேகம். எழுபத்து மூன்று. எச்சரிக்கை.

"இன்னொரு தடவ படி" என்றேன்.

படித்தாள். மூன்றாவது தடவை படிக்க மறுத்துவிட்டாள். ஷெர்வினைப் படிக்கச் சொன்னேன்.