வெளுத்த முட்டைகள்

வழி திறந்திருக்கும்போது வராதது பிறகு வராது. இதை எத்தனை பேருக்குச் சிரித்துக்கொண்டே பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படி நினைத்துக்கொண்ட ஸ்ரீலேகா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் ஓர் அந்துப்பூச்சியின் சூலகம் கிடந்தது. மணி கோத்ததுபோல் வரிசையாக முட்டைகள். ஏலச்செடியின் தண்டைத் துளைக்கும் புழுவுக்கு இதுதான் தாய். தாயின் உடம்பில் சேர்ந்த கொழுப்பை ஒரு புரதம் ரத்தத்தில் சுமந்து வரும். முட்டையைச் சுற்றி நெருக்கி நிற்கும் செல்கள் அப்போது கொஞ்சம் சுருங்கி இடைவெளி விடும். கொழுப்பு உள்ளே போகும். பிறகு செல்கள் நெருங்கிவிடும், மேலே ஓடு கட்டும். அதற்குப் பின் உள்ளே இருக்கிற உயிருக்கு உள்ளே இருப்பதுதான் சோறு.

கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் சாயம் போட்டிருந்தாள். முட்டைகள் வெளுத்திருந்தன. புது மருந்து கொடுத்த கூண்டுகளில் எல்லாமே இப்படித்தான். கொடுக்காத கூண்டுகளில் நல்ல சிவப்பு. மருந்து முட்டைக்குள் கொழுப்பை விடாமல் தடுக்கிறது என்று அவளும் சந்தோஷப்பட்டாள், நேற்று வரை.

நேற்று சன்னலோர அலமாரியைத் துடைக்கக் குனிந்தபோது பலகைகளில் கூண்டுகளை ஒட்டி வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. எறும்புச் சாக்பீஸ்.

"வேலுத்தாய்க்கா, இது யாரு போட்டது?"

கூட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்தாள். "சாருதான். நீங்க பூச்சிக்குப் பஞ்சுல தேன் வைக்கிறீகள்ல, எறும்பு சாரைசாரையா ஏறுச்சு. என்னைய விட நல்லாத்தான் கோலம் போடுறாரு, பாருங்க."

மருந்துக் கூண்டுகள் சன்னலோரம். மற்றவை எதிர்ச்சுவரில், எறும்பு வராத பக்கம். எறும்பைக் கொல்லும் தூள் அந்துப்பூச்சிக்கும் விஷம்தான். வெளுத்தது மருந்தாலா சாக்பீஸாலா, இனி யாராலும் சொல்ல முடியாது.

போடிமெட்டுக்கு அருகே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு மத்தியாஸ்தான் தலைவர். வேலுத்தாய் சொன்ன சார் அவர்தான்; எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்தவர். இப்போது, வெளுத்தது மருந்தால்தான் என்று எழுதிய அறிக்கையும் கையுமாக, அவள் கையெழுத்துக்காக வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னும் அதையே பாத்துக்கிட்டிருக்கே? மருந்துக் கம்பெனிக்காரங்க மெட்டு ஏறிட்டாங்களாம்."

"சார், அந்தச் சாக்பீஸ்..."

"எங்க வீட்டுல சர்க்கரை டப்பாவச் சுத்திக் காலங்காலமா போடுறோம். யாரு செத்தா?"

"எறும்பு செத்தது சார்."

அவர் சிரித்துவிட்டார். உடனே முகம் மாறியது. "திரும்பச் செய்யுறதுக்கு அவங்க விட மாட்டாங்க தாயி. உன் கான்ட்ராக்டு இந்த மாசத்தோட முடியுது. மிரட்டலை. நெசத்தச் சொல்றேன்."

அவள் வெளியே பார்த்தாள். மூடுபனியில் ஏலச்செடிகள்கூடத் தெரியவில்லை.

காலையில் கல்பாத்தி வீட்டிலிருந்து கணவன் அனந்தநாராயணன் கூப்பிட்டிருந்தான். "விட்டுட்டு ஆத்துக்கு வந்துடேன் லேகா. அம்மாவும் கேட்டுண்டே இருக்கா. இங்க நோக்கு என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை. அதுதான் சொல்ல முடியாமல் இருந்தது. அந்த வீட்டில் யாரும் அதட்டியதில்லை. காப்பி, புடவை, தூங்கும் நேரம் எல்லாம் அவள் கேட்பதற்கு முன்பே வந்துவிடும். வந்துகொண்டே இருந்ததில் கேட்கிற வாயே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இந்த மலையில், ஒழுகும் வாடகை அறையில், முதல்முறையாகத் தனக்குப் பசிக்கிறது என்று தெரிந்து எழுந்துபோய் உலை வைத்தாள்.

கையெழுத்துப் போட்டால் இந்த அறை இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை தகட்டைப் பார்க்கும்போதும் என்ன தெரிய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அதுவும் கேட்காமலே கிடைப்பதுதான். போடாவிட்டால் கல்பாத்தி. இரண்டு பக்கமும் சுவர். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடுவில் அவளை நிறுத்தியிருந்தன.

மத்தியாஸ் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பேனாவை மேலே வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"முட்டை வெளுத்தது நெசந்தானே? உன்னப் பொய்யா சொல்லச் சொல்றேன்?"

"வெளுத்தது நெசம் சார். எதனாலன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சாப்பல எழுதியாச்சு. ஒரு கையெழுத்து. அம்புட்டுதான். என் பொழப்பும் இதுலதாம்மா இருக்கு."

அவர்மேல் கோபம் வரவில்லை. பேனாவை எடுத்து, மூடி, அவர் பக்கமாக வைத்தாள்.

"நான் போடலை சார்."