முதல் ரேங்க்காரி கேட்ட பிரிவு

பயிற்சி முடித்த புது ராணுவ அதிகாரிகள் ரேங்க் வரிசைப்படி எழுந்து, எந்தப் பிரிவு வேண்டும் என்று கர்னல் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று முதல் ரேங்க் அவள். விமானப் பிரிவில் இருந்ததோ ஒரே ஓர் இடம். அது அவளுக்குத்தான் என்று வீடே முடிவு கட்டியிருந்தது. அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்ற சித்தப்பா, தன் பழைய இறக்கை பேட்ஜைப் பளபளவென்று தேய்த்து, அவளுக்குக் குத்திவிடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பாலம் கட்டுற பிரிவு, சார்," என்றாள்.

கர்னலின் பேனா அப்படியே நின்றது. சித்தப்பா இருப்புக் கொள்ளாமல் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னம்மா, மேல போக பயமா?"

அவளுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது.

"பயமா? போன மாசம் பறந்து பாத்தேன் சித்தப்பா, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பயிற்சில, வெள்ளத்துல பாலம் போட்டப்போ இடுப்பளவு தண்ணியில நின்னேன். முப்பது ஜவான்க என் மொகத்தப் பாத்து, அடுத்து என்ன மேடம்னு கேட்டாங்க. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அதுக்கு யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்?"

கர்னல் குனிந்து எழுதிக்கொண்டார். சித்தப்பாவின் கை பேட்ஜ் இருந்த சட்டைப்பைக்குப் போனது. அவளுக்குப் பின்னால் இரண்டாம் ரேங்க்காரன், விமானப் பிரிவின் அந்த ஒரே இடம் இனித் தனக்குத்தான் என்று எழுந்து நின்றான்.

"அத இவருக்குக் குத்திவிடுங்க சித்தப்பா," என்றாள். "நான் போற எடத்துல யாரும் குத்திவிட வேண்டாம். சேறு தானா ஒட்டிக்கும்."