கட்டில் கிடக்கும் தொகுதி

எங்கள் மாநிலத்தில் தேர்தல் தொகுதிகளின் எல்லைக்கோட்டைச் சட்டசபைக்காரர்களே போட்டுக்கொள்கிறார்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். அந்த வேலையைப் பொதுவான ஒரு குழுவிடம் கொடுக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி, ஐந்தாம் தொகுதி முழுக்க நான் கையெழுத்து வாங்கினேன். தீவனக் கடை வாசலிலும் சர்ச் விருந்துகளிலும் கால் கடுக்க நான்கு மாதம். அந்தத் தொகுதியில் குடியிருப்பவர்கள் கையெழுத்துதான் செல்லும்; தேவையான எண்ணிக்கை சரியாக வந்தது, ஒன்றுகூட அதிகமில்லை.

சட்டசபைக்காரர்கள் உடனே கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்து வீட்டு ரோவீனா, அவள் புருஷன் டெல்பர்ட், இரண்டு பேர் கையெழுத்தும் செல்லாதாம். கடைசியாகப் போட்ட கோடு அவர்கள் வீட்டுக்கு நடுவில் போகிறது. ஹாலும் சமையலறையும் ஐந்தாம் தொகுதி, படுக்கையறை ஆறு. தூங்கும் இடம்தான் குடியிருக்கும் இடம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி சிரிக்காமல் தலையாட்டினார்.

"நீங்க எங்கேம்மா தூங்குறீங்க?" என்று ரோவீனாவைக் கேட்டார் வக்கீல்.

'நாங்க ரெண்டு பேரும் ஹால்லதான்' என்று சொன்னால் ஜெயித்துவிடுவோம். கூண்டில் ஏறுமுன் அவள் காதில் ஓதியும் வைத்திருந்தேன். ஆனால் பைபிள்மேல் கை வைத்தபின் ரோவீனா பொய் சொல்வாளா?

"நான் ஹால்ல, சாய்வு நாற்காலியில. பதினோரு வருஷமா. இந்த மனுஷன் குறட்டை தாங்கல."

கோர்ட்டே சிரித்தது. பின்வரிசையில் டெல்பர்ட் எழுந்து நின்றார்.

"முதுகுவலின்னுதானே சொன்ன!"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன், போதுமா?"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "மனைவி கையெழுத்து செல்லும். கணவர் கையெழுத்து செல்லாது."

ஒன்று குறைந்துவிட்டது. மனு தள்ளுபடி. காரில் உட்கார்ந்து அழுதேன். பாதி மனுவுக்காக, பாதி அவர்கள் மானத்தை நடுக்கோர்ட்டில் கப்பலேற்றியதற்காக.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஒரு பீச் பழக் கேக்கோடு போனேன். ஹாலில் கால் வைக்க இடமில்லை. டிவிக்கு முன்னால் இரட்டைக் கட்டில் கிடந்தது. அதில் டெல்பர்ட் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"மேவிஸ், அடுத்த தடவை தாளை நேரா இங்க கொண்டா. ரெண்டு கையெழுத்தும் இப்ப அஞ்சாம் தொகுதிதான்."

ரோவீனாவைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"குறட்டை?"

"கோடு மாறுற வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் கிடக்கணும்" என்றாள்.